ஆறு பேர் படித்த எம்.இ.

முதல் நாள் போனபோது வகுப்பறை பூட்டியிருந்தது. சாவி கேட்டு ஆபீஸுக்குப் போனால், "எம்.இ.க்கு ஆள் சேர்ந்திருக்காங்களா?" என்று அங்கிருந்த அம்மா நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். 18 இடங்கள் உள்ள முதுநிலைப் பொறியியல் படிப்பு, சேர்ந்தது ஆறு பேர். முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஒருவருக்கு பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மீதி ஐந்துதான், ஆனாலும் இன்றுவரை எங்கள் வாட்ஸப் குழுவின் பெயர் 'ஆறு பேர்' என்றுதான் இருக்கிறது, போனவரும் அதில் இருக்கிறார், நாங்கள் பரீட்சைக்குப் படித்த காலத்தில் அவர் சம்பளத்தில் வாங்கிய பைக்கின் படத்தைப் போட்டு வயிறெரிய வைத்தது உட்பட.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு, தண்ணியில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வரிசையாகப் போகும். அதில் கோயில் கணக்கு 1981இல் நேராகிவிட்டது, சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். காலியான அந்த இடத்துக்கு 'பிள்ளையில்லாத வகுப்பு' என்று நாங்கள் எங்களைச் சேர்த்துக்கொண்டோம்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். வாலாஜா பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மூன்று பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, ஒரு பக்கம் யாரோ பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் கற்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இயங்கும் சின்ன சுயநிதிக் கல்லூரி. காட்பாடியில் 1984இல் ஒரு பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. இன்று ஒரு ஊரளவுக்கு நிற்கிறது, பாகாயத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது, இவ்வளவுக்கும் நடுவில் இந்த மாதிரி கல்லூரிகளும் இருக்கின்றன என்பது அங்கே படித்தவர்களுக்கும் அந்தப் பக்கம் போகிற மினிபஸ் கண்டக்டருக்கும்தான் தெரியும்.

நான் ஏன் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பி.இ. எலெக்ட்ரிக்கல் முடித்து ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பேனல் போர்டு வேலை, அப்புறம் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மெயின்டனன்ஸ். தோல் பதனிடும் டேனரிகளிலிருந்து வரும் தண்ணீர் அது. ஒருநாள் கண்ட்ரோல் பேனல் நின்றுவிட்டது. நான், என் மேஸ்திரி, எங்கள் மேனேஜர் மூன்று பேரும் ஒரு பகல் முழுக்க ஒயரைப் பிடித்துப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. சென்னையிலிருந்து ஒரு பையன் வந்தான், என்னைவிட இரண்டு வயது சின்னவன், லேப்டாப்பைச் செருகினான், கால் மணி நேரம் தட்டினான், டீ குடித்தான், போய்விட்டான். அந்தக் கால் மணி நேரத்துக்கு வந்த பில் என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பொறாமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான். அவன் பெட்டிக்குள் என்ன பார்த்தான் என்று எனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

2022இல் டான்செட் எழுதினேன். எம்.இ., எம்.டெக். சேர்வதற்கு அந்தத் தேர்வு இருந்த கடைசி வருடம் அது. 2023லிருந்து இதற்கென்று சீட்டா என்ற தனித்தேர்வு வந்துவிட்டது. மார்க்கைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. கலந்தாய்வில் எனக்குக் கிடைக்கக்கூடிய ஊர்களில் பஸ்ஸில் போய்வரக்கூடியது இதுதான், பிரிவு எம்பெடெட் சிஸ்டம் டெக்னாலஜிஸ், கருவிகளுக்குள் உட்கார்ந்து அவற்றை இயக்கும் சின்னக் கணினிகளைப் பற்றிய படிப்பு. வேலையை விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேனல் ஒயரிங் செய்து பஸ் காசையும் ஜெராக்ஸ் காசையும் பார்த்துக்கொண்டேன்.

பெரியப்பாவுக்கு ஒரே கவலை. "எம்.டெக் தாண்டா பெருசு, எம்.இ.ன்னு சின்னதைப் போய் எடுத்துட்டியே?" என்பார். அண்ணா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் வகைப் பிரிவுகளுக்கு எம்.இ. என்றும், ஐ.டி., கெமிக்கல், டெக்ஸ்டைல் மாதிரிப் பிரிவுகளுக்கு எம்.டெக். என்றும் பட்டம் கொடுக்கிறார்கள், மதிப்பு ஒன்றுதான். இதை இரண்டு வருடத்தில் ஒரு நாலைந்து கல்யாணங்களில் விளக்கியிருப்பேன். பெரியப்பா இன்னும் நம்பவில்லை.

கூடப் படித்தவர்களை ஊர்ப் பெயரிலேயே சொல்கிறேன், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். குடியாத்தம் அக்கா பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருவார். முதுநிலைப் பட்டம் இல்லாமல் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முடியாது, அதனால் வந்திருந்தார். சோளிங்கர் தம்பி அகில இந்திய அளவில் நடக்கும் கேட் தேர்வில் தேறியவன். கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறது, இரண்டு வருடத்துக்கு. எங்கள் வகுப்பில் மாதாமாதம் நிலையான வருமானம் உள்ள ஒரே ஆள் அவன்தான் என்பதால் டீக்காசு அவன் தலையில் விழுந்தது. மற்ற இரண்டு பேரில் ஒருவர் ஆரணி, பட்டு நெசவுக் குடும்பம், இன்னொருவர் திருப்பத்தூர். ஆறாவது ஆள்தான் பைக்.

இப்போது குறைகளைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது கல்லூரி நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். நூலகத்தில் எம்பெடெட் சம்பந்தமாக இருந்த புத்தகங்களை இரண்டு கையில் தூக்கிவிடலாம். இரண்டாவது செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு ஆசிரியரே இல்லை, பாதியில் வந்தவர் பிபிடியைப் படித்துக்காட்டினார், படிக்கும்போது அவருக்கே சில இடங்களில் சந்தேகம் வந்தது முகத்தில் தெரிந்தது. பிளேஸ்மென்ட் என்று ஒரு அறை இருந்தது, வாசலில் போர்டு இருந்தது, அறைக்குள் பழைய பெஞ்சுகள். நிறையப் பேர் இந்த மாதிரி இடத்தில் எம்.இ. சேர்வது படிக்கத்தான் என்று சொன்னால் அது பொய். வேலை கிடைக்காத இரண்டு வருடத்துக்கு ஒரு பெயர் வேண்டும், அல்லது வாத்தியார் வேலைக்கு ஒரு காகிதம் வேண்டும். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, குடியாத்தம் அக்காவுக்கு அந்தக் காகிதம் எவ்வளவு அவசியம் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஆனால் சேர்கிறவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.

பாடத்திட்டத்தில் ஆடிட் கோர்ஸ் என்று ஒன்று உண்டு, மார்க் கிடையாது, படித்தால் போதும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுத ஆங்கிலம், பேரிடர் மேலாண்மை, அரசியலமைப்புச் சட்டம் என்ற பட்டியலில் கடைசியில் 'நற்றமிழ் இலக்கியம்' என்று தமிழிலேயே அச்சிட்டிருந்தது. தமிழ்தானே, சுலபம் என்று எல்லாரும் கைதூக்கினோம். கல்லூரியில் தமிழாசிரியர் இல்லை. கணக்கு மேடம், அவருக்கு வீட்டில் படிக்கிற பழக்கம் உண்டு, நான் எடுக்கிறேன் என்று வந்தார். ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன சங்கப் பாட்டை அவர் சொல்லித்தான் கேட்டேன். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். வேல்களெல்லாம் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி பளபளவென்று இருக்கின்றன. ஔவையார் பார்த்துவிட்டு, அதியமானுடைய வேல்கள் பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன என்கிறார். வேறொன்றும் சொல்வதில்லை. மேடம் இதைச் சொல்லி முடித்ததும் சோளிங்கர் தம்பி எழுந்து, "மேடம், நம்ம லேப்ல சி.ஆர்.ஓ. ரெண்டு மாசமா ரிப்பேர்ல இருக்குது, நாம அதியமான் கட்சியா?" என்று கேட்டான்.

சிரிப்புக்குக் கேட்டதுதான், ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. பி.இ. படித்த இடத்தில் நல்ல கருவிகள் கண்ணாடி அலமாரியில் இருந்தன. அறுபது பேர் வகுப்பு, ஒரு மேசைக்கு ஐந்து பேர், அதில் ஒருவன் குமிழைத் திருகுவான், மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் அவன் எழுதியதைப் பார்த்து எழுதுவார்கள். மின்சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்தான் சி.ஆர்.ஓ., நான்கு வருடத்தில் நான் அதைத் தொட்டது மொத்தம் ஒரு மணி நேரம் இருக்குமா என்பது சந்தேகம். இங்கே ஐந்து பேர். இருந்தது இரண்டே டிஜிட்டல் ஆசிலோஸ்கோப், ஒன்றில் ஒரு சேனல் வேலை செய்யாது, ஆனால் கேட்க ஆளில்லை. மூன்றாவது செமஸ்டரில் லேப் சாவியில் ஒரு நகல் என்னிடமே இருந்தது. துறைத்தலைவர், ஹெச்.ஓ.டி. சார் கொடுத்தார், "பேன், லைட் அணைச்சுட்டுப் போ" என்ற ஒரே நிபந்தனையோடு. சிறிய கல்லூரியின் காலியான அறையைப் போல நல்ல பரிசோதனைக்கூடம் கிடையாது, அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தால். ஆனால் யாரும் வந்து இழுத்து உட்கார வைக்க மாட்டார்கள்.

ப்ராஜெக்டுக்கு வருகிறேன். மூன்றாம் செமஸ்டரில் ஃபேஸ் ஒன், நான்காவதில் ஃபேஸ் டூ. ஊரில் 'இங்கு ப்ராஜெக்ட் செய்து தரப்படும்' என்று போர்டு வைத்த கடைகள் உண்டு, காசு கொடுத்தால் போர்டு, ரிப்போர்ட், பிபிடி மூன்றும் வந்துவிடும், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் என்ன கேள்வி வரும் என்றுகூடச் சொல்லித்தருவார்கள். சார் அதைப் பேச்சிலேயே எடுக்கவிடவில்லை. "நீ வேலை பார்த்த எடத்துல என்ன கஷ்டம் இருந்துச்சு, அதைச் சொல்லு" என்றார்.

கஷ்டத்துக்கா பஞ்சம். சுத்திகரிப்பு நிலையத்தில் பி.எச்., அதாவது தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்ற எண்ணை அளப்பதுதான் பாதி வேலை. தோலில் முடி போக்கச் சுண்ணாம்பில் ஊறவைத்த தண்ணீர் 12 வரைக்கும் காரமாக வரும், குரோம் ஏற்றுவதற்கு முன் அமிலத்தில் போட்ட தண்ணீர் 3க்குப் பக்கத்தில் வரும். குரோமியத்தைத் தண்ணீரிலிருந்து பிரிக்கவேண்டுமானால் காரம் சேர்த்து எட்டு, எட்டரைக்குக் கொண்டுவரவேண்டும், அப்போதுதான் அது கட்டியாகி அடியில் படியும். அளவு தவறினால் கரைந்தே போய்விடும். போய் எங்கே சேரும் என்று பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பாலாற்றுக்காகத்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் ருசி மட்டும் எங்கள் தாத்தா சொல்கிற ருசிக்கு இன்னும் திரும்பவில்லை.

இருந்த மீட்டர் விலை அதிகம், கெட்டால் அனுப்பிவைக்கவேண்டும். நாம் ஒன்று செய்வோம், மலிவாக, ஆபரேட்டரின் போனுக்கு அளவு போகிற மாதிரி. இதுதான் என் ப்ராஜெக்ட். கேட்க ரொம்பச் சாதாரணம், நானும் அப்படித்தான் நினைத்தேன். வைஃபை உள்ள இ.எஸ்.பி.32 சிப் ஒன்று, தண்ணீரில் முக்கும் பி.எச். ப்ரோப் ஒன்று, நடுவில் சிக்னலைப் பெருக்க ஒரு ஆம்ப்ளிஃபையர், முடிந்தது கதை.

ப்ரோப் கொடுப்பது 25 டிகிரியில் ஒரு பி.எச்.சுக்கு 59 மில்லிவோல்ட் சொச்சம். டிராயரில் எல்.எம்.358 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. நிறையக் கிடந்தது, அதில் ஒன்றைப் போட்டேன். என்ன திரவத்தில் வைத்தாலும் ஒரே அளவு. எலுமிச்சம்பழச் சாற்றில் வைத்தேன், சோப்புத் தண்ணீரில் வைத்தேன், அசையவில்லை. ஒரு வாரம் ப்ரோக்ராமைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன். சார் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ப்ரோப்போட கண்ணாடி முனை இருக்கே, அதோட மின்தடை எவ்வளவு?"

"நூறு மெகா ஓம் கிட்ட இருக்கும் சார்."

"இந்த ஐ.சி. தன் வேலைக்கு உள்ள இழுக்கிற கரண்ட்?"

டேட்டாஷீட்டைப் பார்த்தேன். 45 நானோ ஆம்பியர்.

"பெருக்கு."

பெருக்கினேன். நாலரை வோல்ட். நான் தேடிக்கொண்டிருந்த சிக்னல் 59 மில்லிவோல்ட், அதை என் ஆம்ப்ளிஃபையரே விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. சார் ஒன்றும் திட்டவில்லை. "ஓம் விதி எத்தனாம் கிளாஸ்ல வருது?" என்று மட்டும் கேட்டார். பத்தாம் வகுப்பு. முதுகலைப் படிப்பில் நான் முட்டிக்கொண்டு நின்றது பத்தாம் வகுப்புப் பாடத்தில். பி.இ.யில் அதே விதியை எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை வாலாஜா ரோடு ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து, சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். (1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வந்து நின்றது இந்த வாலாஜா ரோட்டில்தான். ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும், ரயில் தாமதமாகும்போது குறிப்பாக.) சி.ஏ.3140 என்ற ஐ.சி. நாலு வாங்கினேன், அது இழுப்பது பிகோ ஆம்பியர் கணக்கில், அதனால் பிழை ஒரு மில்லிவோல்ட் சுற்றித்தான் வரும். போட்டதும் அளவு நகர்ந்தது. எலுமிச்சைக்கு இறங்கியது, சோப்புக்கு ஏறியது. லேப்பில் தனியாக உட்கார்ந்து பத்து தடவையாவது ப்ரோப்பை மாற்றி மாற்றி முக்கியிருப்பேன்.

அப்புறம் பொங்கல் லீவு. லேப் அண்ணன் நல்ல மனிதர், ப்ரோப் காய்ந்துபோகக் கூடாது என்று அவருக்குத் தெரியும், அதனால் சுத்தமான டிஸ்டில்டு வாட்டரில் போட்டு வைத்துவிட்டார். அதில் வைக்கவே கூடாது, பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ப்ரோப்புக்குள் இருக்கும் உப்பு வெளியேறிவிடும். திரும்பி வந்து பார்த்தால் அளவு நிலைக்க ஐந்து நிமிடம் ஆகிறது. அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. கரைசலில் ஒரு நாள் ஊறவைத்துப் பார்த்தேன், பாதிதான் மீண்டது, புதிதாக ஒன்று வாங்கினேன்.

ஆனால் என்னை உண்மையில் அழவைத்தது வைஃபை. மேசையில் எல்லாம் சரியாக வருகிறது. போனுக்கு அனுப்பலாம் என்று வைஃபையைப் போட்டதும் அளவு பைத்தியம் பிடித்தது போல ஆகிவிடும். வைஃபையை அணைத்தால் சரி, போட்டால் தப்பு. பவர் சப்ளை என்று நினைத்துக் கெபாசிட்டர் போட்டேன், ஒயரைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றினேன், எர்த் மாற்றினேன். மூன்று சாயங்காலம் சார் கூட உட்கார்ந்தார், அவருக்கும் பிடிபடவில்லை. தெரியாது என்பதை மறைக்கவும் இல்லை. அவர் மனைவியின் போன் வரும்போதெல்லாம் "இதோ கிளம்பிட்டேன்" என்பார், கிளம்ப மாட்டார். மூன்றாவது நாள் இரண்டு பேரும் சிப்பின் ஆவணத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தோம், ஒரு சின்னக் குறிப்பில் இருந்தது: இந்தச் சிப்பில் அனலாக் அளப்பதற்கு இரண்டு பகுதிகள் உண்டு, இரண்டாவது பகுதியை வைஃபை தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் அதில் அளக்க முடியாது. நான் ப்ரோப்பை இணைத்திருந்தது 27ஆம் பின்னில், அதாவது சிப்பில் 27 என்று எண் கொண்ட காலில். அது இரண்டாவது பகுதி. 34ஆம் பின்னுக்கு மாற்றினேன். ஒரே ஒரு ஒயர். சரியாகிவிட்டது.

சார் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதை எந்த வீடியோலயும் சொல்லலையே?" என்றார். சொல்லியிருப்பார்கள், நாங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை, உண்மைதான். ஆனால் சென்னையிலிருந்து வந்த அந்தப் பையன் பெட்டிக்குள் என்ன பார்த்தான் என்ற என் பழைய கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் தெரிந்தது, அவனும் எங்கேயோ மூன்று சாயங்காலம் இப்படி உட்கார்ந்திருப்பான்.

ஃபேஸ் டூவில் பெட்டியை நான் முன்பு வேலை பார்த்த நிலையத்திலேயே மாட்ட அனுமதி வாங்கினேன். ஏப்ரல், மே. வேலூர்ப் பக்கத்து வெயிலில் மதியம் தொட்டித் தண்ணீரே 40 டிகிரி தொடும், அந்தச் சூட்டில் ஒரு பி.எச்.சுக்கு 59 இல்லை, 62 மில்லிவோல்ட் வரும், கணக்கில் திருத்தாவிட்டால் 10 என்பது 10.15 என்று காட்டும். புத்தகத்தில் இதை ஒரு சமன்பாடாகத் தாண்டிப் போயிருந்தேன். ஆபரேட்டர் அண்ணன்தான் பிடித்தார்: "இன்னாப்பா, காலைல ஒண்ணு சொல்லுது, மத்தியானம் ஒண்ணு சொல்லுது, உன் மிஷினுக்கும் வெயிலு ஒத்துக்கலையா?" வெப்பநிலை சென்சார் ஒன்று சேர்த்தேன். என் தீசிஸில் நன்றியுரையில் அவர் இருக்கிறார், அவருக்கு அது தெரியாது.

கட்டுரை வெளியிடவேண்டும் என்ற சடங்கும் இருந்தது. பணம் கட்டினால் மூன்றே நாளில் போடுகிற ஜர்னல்களிடமிருந்து தினமும் மெயில் வரும், 'மதிப்பிற்குரிய அறிஞரே' என்று. எங்கள் வீட்டில் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த மெயில்கள்தான். சார் வேண்டாம் என்றார், பக்கத்துக் கல்லூரி கருத்தரங்கில் படித்தேன், கேட்டவர்கள் பதினைந்து பேர், கேள்வி கேட்டவர் ஒருவர், அவர் கேட்டதும் மதியச் சாப்பாடு எங்கே என்றுதான்.

2024 ஜூனில் வைவா. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கடுமையானவர் என்று பயமுறுத்தியிருந்தார்கள். அரை மணி நேரம் கேட்டார். ஏன் இந்த ஐ.சி., ஏன் 34ஆம் பின், ஏன் வெப்பநிலை. மூன்றுக்கும் புத்தகப் பதில் எனக்குத் தெரியாது, நடந்த கதையைச் சொன்னேன். வைவாவுக்கு ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு கிலோ வாங்கிப் போயிருந்தோம், அவர் ஒன்று சாப்பிட்டார், நாங்கள் மீதியைச் சாப்பிட்டோம்.

பட்டம் எனக்குச் சம்பளத்தை ஒன்றும் இரட்டிப்பாக்கவில்லை. இப்போது ராணிப்பேட்டையிலேயே ஒரு சின்ன ஆட்டோமேஷன் கம்பெனியில் இருக்கிறேன், கண்ட்ரோல் பேனல் நின்றுபோனால் லேப்டாப்போடு போகிற ஆள் நான். பில் எவ்வளவு போடுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. குடியாத்தம் அக்கா உதவிப் பேராசிரியர் ஆகிவிட்டார். தொட்டியில் மாட்டிய பெட்டி ஐந்து மாதம் ஓடியது, அப்புறம் ப்ரோப் சேறு அடைத்துச் செத்துப்போனது. மாற்ற யாருக்கும் நேரமில்லை. ஆபரேட்டர் அண்ணன் அதற்குள் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வைத்திருக்கிறார், மழைக்கு நனையாதாம்.

போன வாரம் சார் போன் செய்தார். இந்த வருடம் எம்.இ.க்கு மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்களாம். அடுத்த வருடம் படிப்பை நடத்துவார்களா என்று அவருக்கே தெரியவில்லை. சனிக்கிழமை வந்து பையன்களிடம் பேசு என்றார். சரி சார், புது போர்டை எடுத்து வருகிறேன் என்றேன்.

"புதுசு வேணாம். முதல்ல பண்ணின போர்டு வச்சிருக்கியா? அந்த 27ஆம் பின்னு, எல்.எம்.358 எல்லாம் இருக்கிறது?"

பரணில் ஏறித் தேடினேன். மக்கன் பேடா டப்பாவுக்குள் இருந்தது, எறும்பு அரித்த ஒயரோடு. இருக்கிறது சார் என்று சொன்னேன்.

"அதை எடுத்துட்டு வா. சரி பண்ணிடாத."